காதில் கழன்ற கல்

அத்தியாயம் 12

மேசையில் பாண், பருப்பு, பொல் சம்பல். உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஆறு வெறும் மாத்திரை அட்டைகள்.

மாக்ரெட் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

ஹியூபேட் அறையிலிருந்து வந்தார். கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். கப்பலிலிருந்து கண்ணாடிச் சாமான் இறக்குவதுபோல, தன் தலையைக் கொஞ்சமும் ஆடாமல் கொண்டுவந்து கதிரையில் அமர்த்தினார். பிறகுதான் அட்டைகளைக் கண்டார்.

"எங்க எடுத்த?"

"பைக்கின்ட பக்க மூடிக்குள்ள. டூல்ஸ் வைக்கிற இடத்துல."

"அதுக்குள்ள உனக்கு என்ன வேலை?"

"போத்தல் தேடினேன்."

அவர் கையிலிருந்த பாண் துண்டு பருப்புக்குள் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நடந்ததை மாக்ரெட்டால் மறக்க முடியவில்லை. பீடத்துக்கு மேலே எரிந்த விளக்கை நிமிர்ந்து பார்த்தவர் தள்ளாடி, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் தோளைப் பிடித்துக்கொண்டார். இருபத்தொரு வருடங்களுக்கு முன் அதே இடத்தில் நின்று, அந்தோனியாருக்கு நேர்ந்து சாராயத்தை விட்டவர் அவர். அப்படிப்பட்டவர் தள்ளாடினால் மாக்ரெட் வேறு எதை நினைப்பாள்? அரிசி வாளிக்குள், அலுமாரிக்கு மேலே, கழிப்பறைத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் என்று இரண்டு நாள் தேடினாள். நேற்று மாலை பைக்கின் பக்க மூடியைத் திறந்தபோது போத்தல் கிடைக்கவில்லை. தலைச்சுற்று மாத்திரை அட்டைகள் கிடைத்தன.

"இருபத்தொரு வருஷம், மாக்ரெட்" என்றார் ஹியூபேட். குரல் உடைந்திருந்தது. "ஒரு கல்யாண வீட்டுல, ஒரு செத்த வீட்டுல, நான் ஒரு சொட்டு தொட்டிருப்பேனா?"

"அப்ப ஏன் தள்ளாடுறீங்க?"

"எனக்கென்ன தெரியும்? குடிச்சிருந்தாலும் பரவாயில்ல. ஏனெண்டாச்சும் தெரிஞ்சிருக்கும்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். ஆறு கிழமைக்கு முன், ஒன்றரை மாதம் இருக்கும், ஒரு காலையில் கட்டிலில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தாராம். அறையைக் கழற்றி யாரோ சுழற்றிவிட்டது போலிருந்ததாம். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுநாள் சப்பாத்துக் கட்டக் குனிந்தபோது மறுபடி வந்தது. அதற்கடுத்த நாள் சீலிங் ஃபேனை நிமிர்ந்து பார்த்தபோதும் வந்தது. ஃபேன் நின்றுகொண்டிருந்ததாம். வீடுதான் சுற்றியதாம்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் அவருடைய அண்ணன் பிறெடியின் படம். பிறெடிக்குப் பாரிசவாதம் வந்ததும் ஒரு தலைச்சுற்றுடன்தான். ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து போனவர்.

மாக்ரெட்டின் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் இளகப் பார்த்தது. அதற்குள் இன்னொன்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப, 'பின்னால ஏதும் வருதா, மாக்ரெட்' எண்டு கேட்டதெல்லாம்?"

ஹியூபேட் பருப்பைக் கரண்டியால் கிண்டினார். "தலையைத் திருப்பினாச் சுத்தும். அதான் உன்னக் கேட்டேன்."

அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

இதை யாரிடம் சொல்ல முடியும்? முப்பத்தேழு வருடமாக அவருடைய ஹொண்டாவின் பின்சீட்டில் இருந்து வந்தவள். எந்தச் சந்தியில் திரும்புவது, எந்த லொறியை முந்துவது என்று அவர் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. ஆறு கிழமையாகக் கேட்டார். "வலப்பக்கம் பார்த்துச் சொல்லு." "இப்ப எடுக்கவா?" அவள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து, "பஸ் ஒண்டு வருது, பொறுங்க" என்று காதோடு சொன்னாள். அறுபத்து மூன்று வயதில் தனக்கு ஒரு மரியாதை கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். கோயிலில் அதற்காக ஒரு மெழுகுதிரிகூடக் கொளுத்தினாள்.

அது கடைசியில், வேலை செய்யாத ஒரு கழுத்துக்குப் பதிலாகப் பூட்டிய கண்ணாடி.

அவமானமாக இருக்க வேண்டும். ஆனால் அடுப்படியில் நின்றவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாயைக் கைத்துணியால் பொத்திக்கொண்டாள். சிரித்து முடிந்ததும் பயம் வந்தது. தலை சுற்றும் மனிதர் தன்னையும் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸும் லொறியும் நெரியும் காலி வீதியில் போயிருக்கிறார்.

"சுத்தியிருந்தா என்ன செய்வீங்க?" என்று குசினியிலிருந்தே கத்தினாள். "எங்க ரெண்டு பேரையும் பஸ்ஸுக்கு அடியில இருந்துதான் பொறுக்கியிருப்பாங்க!"

ஹியூபேட் குற்ற உணர்வோடு தலை குனிந்தார். குனிந்தது பிழை. மேசையின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, "அந்தோனியாரே" என்று கண்ணை மூடினார்.

மாக்ரெட் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். அந்த அரை நிமிடமும் அவள் மனதில் ஓடியது அவருடைய தலையைப் பற்றி மட்டும் அல்ல.

புதன்கிழமை, போத்தல் என்று நிச்சயமாக நம்பிய கோபத்தில், கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருக்கும் முர்ஷித்துக்கு அவளே போன் செய்திருந்தாள். பத்து வருடமாக அந்தப் பைக்கைக் கேட்டுக்கொண்டிருப்பவன் அவன். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போ தம்பி. அங்கிளிட்ட நான் சொல்றேன்."

இன்று வெள்ளிக்கிழமை. அங்கிளிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

---

மகள் றேணுகா எட்டரைக்கே வந்துவிட்டாள். வெள்ளவத்தையில் இருக்கிறாள், வங்கி ஒன்றில் வேலை. தலைச்சுற்று மாத்திரை பற்றி நேற்று இரவே மாக்ரெட் போனில் சொல்லியிருந்ததால், வாசலில் ஓட்டோவை நிற்க வைத்துவிட்டு உள்ளே வரும்போதே எல்லாம் தீர்மானமாகியிருந்தது.

"டடி, சேர்ட்டை மாத்துங்க. பத்தரைக்குக் காது டொக்டர். எங்கட ஃபிளட்டுக்குப் பக்கத்து கிளினிக். மம்மி, பைக் திறப்பு எங்க?"

"ஏன் திறப்பு?"

"தாங்க."

பைக்கைக் கிளப்பும் அந்தத் திறப்பு அவள் கைப்பைக்குள் போனது. ஹியூபேட் அதைப் பார்த்த பார்வையை மாக்ரெட்டால் பார்க்க முடியவில்லை.

ஓட்டோவில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கோட்டையைத் தாண்டும்போது ஒரு வளைவில் டிரைவர் வெட்டி எடுக்க, ஹியூபேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஹெமின் யன்ன, மல்லி, ஹெமின்" என்று, மெதுவாகப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினார். துறைமுகத்தில் நூற்றிருபது அடி உயரத்தில் காற்றில் ஆடியபடி கட்லட் சாப்பிட்ட மனிதர்.

முர்ஷித்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடலாம் என்று மாக்ரெட் நினைத்தாள். றேணுகா நடுவில் இருந்தாள். சரி, இறங்கியதும் சொல்லலாம். இறங்கியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே?

அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் யோசித்துப் பார்க்காத ஒன்று.

முகத்தைப் பார்த்து அவர்கள் முக்கியமான எதையும் கதைத்ததே இல்லை. வீட்டில் கதைப்பது கறிக்கு உப்பு, கரண்ட் பில், தண்ணி வரவில்லை. மற்றதெல்லாம் பைக்கில்தான். றேணுகா வயிற்றில் இருக்கிறாள் என்று காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் அவருடைய முதுகுக்குத்தான் சொன்னாள். முதுகு ஒரு முறை நிமிர்ந்தது, பைக் நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கியது, வீடு வரும்வரை இருபதிலேயே போனது. பிறெடி போய்விட்டார் என்று அவர் சொன்னதும் கொள்ளுப்பிட்டிச் சிக்னலில், சிவப்பு விளக்கைப் பார்த்தபடி. மகள் ஒரு யாழ்ப்பாணத்து சைவப் பையனைக் கட்டப்போகிறேன் என்றபோது, வீட்டில் இரண்டு பேரும் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் பம்பலப்பிட்டியில் மழைக்குள், "பையன் நல்லவன் போலத்தான் கிடக்கு" என்று அவர் முன்னால் பார்த்துச் சொன்னார். "ஓம்" என்று அவள் பின்னால் இருந்து சொன்னாள். அவ்வளவுதான், கல்யாணம் முடிவாகிவிட்டது.

அந்தப் பைக்கைத்தான் அவள் விற்றிருக்கிறாள்.

ஆனால், விற்றது பிழை என்றும் சொல்ல முடியவில்லையே? தலை சுற்றுகிறவரை ரோட்டில் விடலாமா? இரண்டு நியாயங்களும் அவளுக்குள் ஓட்டோவைவிட நெருக்கமாக உட்கார்ந்திருந்தன.

---

டொக்டர் அஸ்காவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கறுப்பு முக்காட்டுக்குக் கீழே சிரிக்கிற கண்கள். கேள்விகளை அடுக்கிக் கேட்டார். எவ்வளவு நேரம் சுற்றுகிறது? எந்தப் பக்கம் திரும்பும்போது? கை கால் மரத்துப்போனதா, பேச்சுக் குழறியதா, காதில் இரைச்சல் உண்டா? கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு ஹியூபேட்டைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்தார்.

"அங்கிள், இப்ப நான் உங்களை டக்கெண்டு பின்னுக்குச் சாய்ப்பேன். தலை கட்டில் விளிம்புக்கு வெளிய தொங்கும். கண்ணை மூடக் கூடாது. சுத்தும். பயப்பட வேணாம்."

"எவ்வளவு சுத்தும்?"

"நல்லாச் சுத்தும்" என்றார் டொக்டர், விருந்துக்கு அழைப்பது போல.

சாய்த்தார். தலை வலப்பக்கமாகத் திரும்பித் தொங்கியது. நாலைந்து விநாடி ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஹியூபேட்டின் இரண்டு கண்மணிகளும் துடிக்கத் தொடங்கின. ஒரு பக்கமாக இழுபட்டு இழுபட்டு, தாங்களே தனியாக ஒரு ஆட்டம் ஆடின.

"அந்தோனியாரே! ஐயோ, பிடி! மாக்ரெட், கட்டில் கவிழுது!"

"வந்துட்டு!" என்றார் டொக்டர், தொலைத்த காப்பு கிடைத்தது போல. "வலது காதுதான். ஆன்ட்டி, வந்து பாருங்களேன், எவ்வளவு வடிவாத் தெரியுது."

மாக்ரெட் குனிந்து பார்த்தாள். முப்பத்தேழு வருடத்தில் அவருடைய கண்களை இவ்வளவு கிட்டத்தில், தலைகீழாக, இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு சின்ன மண்ணிறப் புள்ளி இருந்தது. அது எப்போது வந்தது?

ஆட்டம் அடங்கியதும் டொக்டர் அவருடைய தலையை மறுபக்கம் திருப்பினார். கொஞ்சம் பொறுத்து உடம்பையும் சேர்த்து உருட்டினார். கடைசியில் மூக்கு நிலத்தைப் பார்க்க, கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே போக, பெரிய மீனைப் புரட்டுவது போலப் புரட்டி, எழுப்பி உட்கார வைத்தார்.

"காதுக்குள்ள, நம்ம சமநிலை பார்க்கிற இடத்துல, சுண்ணாம்பு மாதிரிச் சின்னச் சின்னக் கல்லு ஒட்டிக்கொண்டு இரிக்கி. வயசு போகக்க சில பேருக்கு அது கழண்டு, போகக் கூடாத குழாய்க்குள்ள விழுந்துரும். தலை திரும்பினா அது உருளும். மூளை, நீங்கதான் சுத்துறீங்க எண்டு நினைச்சுரும். நான் செஞ்சது அந்தக் கல்லை உருட்டி வெளிய விட்டது. அவ்வளவுதான்."

"பாரிசவாதம் இல்லையா?"

"நான் பார்த்த அளவுல அதுக்கு ஒரு அடையாளமும் இல்ல, அங்கிள்."

ஹியூபேட் அசையாமல் இருந்தார். கண்கள் நிறைந்தன. அதை மறைக்க உடனே சத்தம் போட்டார். "முப்பத்தொரு வருஷம் நான் கொன்டெய்னர் தூக்கினேன், டொக்டர். ஒண்டு கழண்டு விழல்ல. கடைசியில என்ட காதுக்குள்ளயே கழண்டு விழுந்திருக்கு!"

டொக்டர் சிரித்த சிரிப்பில் தாதி எட்டிப் பார்த்தார். றேணுகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"பைக்?" என்று கேட்டார் ஹியூபேட்.

அறையில் மூன்று பேர் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். மூன்று பேரும் மூன்று வேறு பதிலை.

"இப்ப ஓடக் கூடாது. உயர்த்தித் தலை வைச்சுப் படுங்க. வார புதன்கிழமை வாங்க, திரும்பச் சாய்ச்சுப் பார்ப்போம். சுத்து இல்லாட்டி, அதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஓடலாம். ஆனா இது திரும்ப வரக்கூடிய சாமான். வந்தா நிப்பாட்டணும், ஒளிக்கக் கூடாது. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுறது இன்னும் மோசம், நித்திரை வரும்."

"ஓடலாமாம்" என்றார் ஹியூபேட். நடுவில் வந்த எதுவும் அவர் காதில் விழவில்லை.

---

மதியச் சாப்பாடு றேணுகாவின் ஃபிளட்டில். மருமகன் பிரியந்தன் வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய அம்மா சிவக்கொழுந்து வெள்ளிக்கிழமை என்பதால் சைவமாகச் சமைத்திருந்தார்: கத்தரிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய்ப் பிரட்டல், ரசம்.

"என்ன சம்பந்தி, கல்லு விழுந்திட்டுதாம்?"

"காதுக்குள்ளயாம்."

"அட, உது எனக்கும் வந்ததெல்லே! விடிய எழும்பேக்கை கட்டில் சுத்தும். நான் கண்ணூறு எண்டு நினைச்சு, செத்தல் மிளகாய் சுத்திப் போட்டனான்."

றேணுகா கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமி, எப்ப?"

"ரெண்டு வரியம் இருக்கும். பிறகு தானா நிண்டுட்டுது."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல்லையே!"

"சொன்னால் உன்ரை மனுசன் என்னைத் தனியக் கோயிலுக்கு விடுவானோ? சுத்திற நேரம் சுவரைப் பிடிச்சுக்கொண்டு, திருநீறு பூசுற மாதிரி நிண்டிடுவன். ஆருக்கும் தெரியாது."

ஹியூபேட் கையைத் தட்டாத குறையாகச் சிரித்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு கூட்டுக் கள்ளன் கிடைத்த சந்தோஷம். சிவக்கொழுந்து அவருக்கு இன்னும் இரண்டு கரண்டி பால்கறி போட்டார். றேணுகா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"சிரிங்க. எல்லாரும் ஒளிச்சு வச்சுக்கொண்டு சிரிங்க. டடி, எனக்கு ஒண்டுதான். பைக்கை வித்துருங்க. அறுபத்தெட்டு வயசு. திரும்ப வரும் எண்டு டொக்டரே சொன்னா."

"வந்தா நிப்பாட்டச் சொன்னா. விக்கச் சொல்லல்ல."

"ஆறு கிழமை நீங்க நிப்பாட்டினீங்களா? மம்மி பின்னால இருந்தா, டடி! அதை யோசிச்சீங்களா?"

இப்போது மகளுடைய குரலில் இருந்தது அதிகாரம் அல்ல, நடுக்கம் என்று மாக்ரெட்டுக்குக் கேட்டது. ஹியூபேட்டுக்கும் கேட்டிருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்:

"அது என்ட பிழைதான், மகள். இனி ஒளிக்கமாட்டேன். ஆனா பைக்கை மட்டும் விக்கச் சொல்லாத. நான் சம்மதிச்சாலும் மம்மி விடமாட்டா. கேட்டுப் பாரு."

மூன்று பேரும் மாக்ரெட்டைப் பார்த்தார்கள். அவள் ரசத்தைக் குடித்தாள். ரசம் சுட்டது. சுட்டது நல்லதாகப் போயிற்று; கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

கை கழுவும் சாட்டில் பல்கனிக்குப் போய் முர்ஷித்துக்குப் போன் எடுத்தாள். அணைத்து வைத்திருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது. ஜும்ஆத் தொழுகை நேரம். மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதே குரல். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல் மினுங்கியது. கரையோடு பாணந்துறை ரயில் போனது. வாசலில் தொங்குகிறவர்களின் சேர்ட்டுகள் காற்றில் உப்பியிருந்தன.

"மம்மி விடமாட்டா." அவர் அவளைப் பற்றி அவ்வளவு நிச்சயமாக எதையாவது சொல்லி அவள் கேட்டதே இல்லை.

---

உயர்த்திப் படுப்பதற்கென்று றேணுகா ஒரு பெரிய தலையணையைக் கொடுத்துவிட்டாள். திரும்பி வரும் ஓட்டோவில் அது இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆளைப்போல் உட்கார்ந்து வந்தது. மாக்ரெட் மூன்று முறை தொடங்கினாள்.

"இஞ்ச பாருங்க…"

ஹியூபேட் தலையணைக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். சந்தோஷமான முகம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் முகம். அவள், "தண்ணி வேணுமா?" என்று முடித்துவிடுவாள். மூன்று முறை தண்ணீர் குடிக்க வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும்போது மூன்றரை.

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் அவர்களுடைய ஒழுங்கையில், தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே பைக் பெரிய ஸ்டாண்டில் நின்றது. ஹியூபேட் தலையணையை வாசற்படியில் வைத்துவிட்டு நேரே அதனிடம் போனார். மூடியிருந்த ரெக்சீனை உருவினார். காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

"டொக்டர் என்ன சொன்னா?"

"ஓடக் கூடாது எண்டா. இருக்கக் கூடாது எண்டு சொல்லல்ல. திறப்பும் உன்ட மகளிட்ட." இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, தலையை வலப்பக்கம் மெதுவாகத் திருப்பினார். இடப்பக்கம் திருப்பினார். "மாக்ரெட், பாரு! சுத்தல்ல! ஒண்டுமே சுத்தல்ல!"

பக்கத்து வீட்டு பாலேஸ்வரி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மூடிக்கொண்டாள்.

மாக்ரெட் அவருடைய முதுகைப் பார்த்தாள். சேர்ட்டின் தையல், இடது தோளில் கொஞ்சம் இறங்கிய அந்தச் சாய்வு. அவளுக்குத் தெரிந்த முகம் அதுதான். கைப்பையைக் கழற்றாமலே பின்சீட்டில் ஏறி, வழக்கம்போல ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலு மணிக்கு முர்ஷித் வருவான்" என்றாள்.

"எதுக்கு?"

"இதை எடுத்துக்கொண்டு போக. நான்தான் வரச் சொன்னேன். புதன்கிழமை. நீங்க திரும்பக் குடிக்கத் தொடங்கிட்டீங்க எண்டு நினைச்சு."

முதுகு அசையவில்லை. ஒழுங்கை முனையில் ஒரு மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"என்னட்டக் கேக்காமயா?"

"கேக்காமத்தான். கேட்டா நீங்க பொய் சொல்வீங்க எண்டு நினைச்சேன். இண்டைக்கு நீங்க றேணுகாட்டச் சொன்னீங்களே, மம்மி விடமாட்டா எண்டு. அப்ப இருந்து எனக்குத் தொண்டைக்குள்ள ஒண்டும் இறங்கல்ல."

மெல்ல அந்தச் சாய்ந்த தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்து கையை வைத்தாள். சிரிப்பு.

"அரிசி வாளிக்குள்ளயுமா தேடின?"

"ஓம்."

"அதான் வியாழக்கிழமை சோத்துக்குள்ள உன்ட கிளிப் கிடந்ததா!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். பைக் ஸ்டாண்டில் கிறீச்சிட்டது.

சிரிப்பு ஓய்ந்ததும் ஹியூபேட் தொண்டையைச் செருமினார். முன்னால் பார்த்துக்கொண்டு, கொள்ளுப்பிட்டிச் சிக்னலில் கதைப்பதுபோலக் கதைத்தார்.

"நானும் உன்னட்டக் கேக்காம ஒண்டு செஞ்சிருக்கேன்."

"என்ன?"

"லேர்னர்ஸ் நடத்துறானே ஜனா, அவனிட்ட உன்ட பேரைக் குடுத்திட்டேன். பைக் ஓடப் பழக. திங்கக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னான்."

"எனக்கா? அறுபத்து மூண்டு வயசுல? உங்களுக்குக் கல்லு காதுலயா, மண்டைக்குள்ளயா கழண்டது?"

"நான் பிறெடி மாதிரிப் போயிட்டா, நீ மகளைப் பார்க்க என்னெண்டு போவ எண்டு யோசிச்சேன்."

"பஸ் இருக்கே."

"பஸ்ஸில உனக்குச் சத்தி வரும்."

பஸ் ஏறினாலே அவளுக்கு வாந்தி வரும்தான்.

ஹியூபேட் இறங்கினார். "முன்னுக்கு வா."

"பைத்தியமா?"

"ஸ்டாண்டில தானே நிக்குது. வா."

பாலேஸ்வரியின் யன்னல் மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, ஒரு காலைப் போட்டாள். முட்டி மடக்கென்றது. முன்சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். ரப்பர் அவர் கைப்பட்டு மழுங்கியிருந்தது. முப்பத்தேழு வருடம் எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் ஒரு சேர்ட் இருந்தது. இப்போது ஒழுங்கை இருந்தது. அதன் முனையில் வீதி, வீதியில் போகும் வான், எதிர்க்கடையின் சிவப்புக் குடை, அதற்கு மேலே நிறைய ஆகாயம். இவ்வளவும் இத்தனை நாள் இங்கேதான் இருந்ததா?

பின்னால் பாரம் ஏறியது. ஹியூபேட் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, அவளுடைய தோளில் வைத்தார்.

"பிடிச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டாள், பகிடியாக.

அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். அவருடைய மூச்சு அவள் பிடரியில் பட்டது.

"மாக்ரெட்."

"ம்."

"எனக்குச் சரியான பயமா இருந்தது. ஆறு கிழமையும். ஒவ்வொரு நாளும் கண் முழிக்கப் பயம்."

நூற்றிருபது அடி உயரத்தில் பயப்படாத மனிதர். பயம் என்ற சொல்லை அவர் வாயால் அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் அவர் நிறுத்திவிடுவார் என்று தெரியும். முன்னால் பார்த்தபடி, தோளில் இருந்த கையை மட்டும் ஒரு கையால் அழுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். படுக்கப் போகும்போது வரும் பயம், அவளை ஏற்றிக்கொண்டு போன ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்ட ஜெபம், மருந்துக்கடையில் வேறு பெயர் சொல்லி மாத்திரை வாங்கியது, எல்லாம். அவள் "ம்", "ம்" என்றபடி கேட்டாள். வெள்ளவத்தைக்குப் போய் வரும் தூரம் முழுக்க அவர்கள் ஸ்டாண்டில் நின்ற பைக்கிலேயே ஓடினார்கள்.

ஒழுங்கை முனையில் ஹோர்ன் சத்தம் கேட்டது. முர்ஷித். நண்பன் ஒருவனுடைய பைக்கில் பின்னால் ஏறி வந்திருந்தான், கையில் ஹெல்மெட், திரும்பிப் போகும்போது இதை ஓட்டிக்கொண்டு போகத் தயாராக. இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஆன்ட்டி முன்னுக்கு, அங்கிள் பின்னுக்கு! என்ன இது? எங்க போற ரெண்டு பேரும்?"

மாக்ரெட் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பைக்கைக் குடுக்க முடியாது, தம்பி. என்ட பிழை, பிறகு சொல்றேன்" என்றாள். "வந்ததுக்கு ஒரு உதவி செய். இந்த சீட்டை எனக்குக் கால் எட்டுற அளவுக்கு இறக்கலாமா எண்டு பாரு. திங்கக்கிழமைக்கு முந்தி வேணும்."

தோளில் இருந்த கை ஒரு முறை இறுகியது.

"அங்கிள்?" என்று முர்ஷித் அவரைப் பார்த்தான்.

"என்ன என்னப் பார்க்கிற?" என்றார் ஹியூபேட், பின்சீட்டிலிருந்து. "ஓடுற ஆளிட்டக் கேளு."

மாக்ரெட்டின் கைப்பைக்குள் போன் அடித்தது. றேணுகா. பைக்குக்கு என்ன முடிவு என்று கேட்கத்தான் எடுக்கிறாள். திறப்பும் அவளிடம்தான் இருக்கிறது; திங்கட்கிழமைக்கு முன் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று மாக்ரெட் போனை எடுத்தாள்.